பதில் வராத நேரலை

சனிக்கிழமை மூன்று மணி ஆகிவிட்டால் வனிதா தையலகத்தில் மூச்சைக்கூட மெல்லத்தான் விட வேண்டும். அது கார்முகிலின் அம்மா நேரலையில் வரும் நேரம்.

பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் செல்போன் கடைக்கு அடுத்த கடை அம்மாவுடையது. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள், நீளமாக ஒரு வெட்டும் மேசை, சுவர் ஓரம் துண்டுத் துணிகள் நிறைந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டி. நேரலை நடக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். சுற்றினால் துணி பறக்கும்.

ஜாக்கெட் வெட்டுவது எப்படி என்று அம்மா சொல்லிக்கொடுப்பார். ஆறாம் வகுப்பு படிக்கும் கார்முகில், போனுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, பார்ப்பவர்கள் எழுதும் கமெண்டுகளைச் சத்தமாகப் படிப்பாள். முக்கியமான வேலைதான். ஆனால் படிப்பதற்குத்தான் ஒன்றும் வருவதில்லை.

அன்றும் அப்படித்தான். திரையின் மூலையில் நாற்பத்தொரு பேர் பார்ப்பதாகக் காட்டியது. கமெண்டுகளோ மூன்றே மூன்று. முதலாவது, 'வணக்கம்'. இரண்டாவது, 'சூப்பர்'. மூன்றாவது, ஒரு சிவப்பு இதயம். மூன்றையும் அனுப்பியவர் அப்பா.

அப்பா சிவசாமி கத்தாரில் வண்டி ஓட்டுகிறார். இங்கே மூன்று மணி என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அறைக்கு வந்து சமைத்தபடியே அம்மாவின் நேரலையைப் பார்ப்பார்.

"பழைய ஜாக்கெட் ஒண்ணை அளவுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களா?" என்று அம்மா போனைப் பார்த்துக் கேட்டார். ஐந்து வரை எண்ணும் நேரம் காத்திருந்தார். பதில் இல்லை.

"சரி, மேல போவோம்." அம்மா துணியை மடித்து ஒரு வெட்டு வெட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "என்ன, நான் வெட்டுனது கோணலா இருக்கா?" என்று கேட்டார்.

உடனே திரையில் ஒரு கமெண்ட் வந்தது. கார்முகில் சந்தோஷமாகப் படித்தாள். "ஆமா அக்கா!"

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. துணியைத் தூக்கிப் பார்த்தார். கோணல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நேரலை முடியும் வரை அம்மா கேள்வியே கேட்கவில்லை.

போனை அணைத்ததும் அம்மா மின்விசிறியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நாப்பத்தொரு பேரும் போனைப் போட்டுட்டுத் தூங்குறாங்கபோல, முகிலு. இன்னும் ரெண்டு சனிக்கிழமை பாப்போம். அப்புறம் இதை விட்டுடலாம்."

கார்முகில் முக்காலியை விட்டு எழுந்தாள். நேரலைக்காக அம்மா வெள்ளிக்கிழமையே பழைய செய்தித்தாளில் வெட்டிப் பழகுவார். அளவுகளைத் துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டுவார். சேலையைத் தேய்த்து வைப்பார். இவ்வளவும் தூங்குகிறவர்களுக்காகவா?

அவள் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

செல்போன் கடைத் திருமுருகன் கல்லூரியில் படிக்கிறவன். சுற்று வட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு போய் நேரலை போட்டுவிடுவான். அவனுடைய கமெண்டுகள் மழைக்கால வாய்க்கால் மாதிரி ஓடும்.

"அண்ணே, ஒங்க கமெண்ட் மட்டும் எப்படி அவ்வளவு வேகமா ஓடுது?"

"அதுவா? கபடியில நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட். பாயிண்ட் விழுந்தா ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் திட்டுவான். தானா ஓடும்."

"தையல்ல பாயிண்ட் எல்லாம் விழாதே?"

திருமுருகன் தலையைச் சொறிந்தான். "அப்படின்னா கேள்வி கேக்கணும். ஒரே வார்த்தையில பதில் சொல்ற மாதிரி கேள்வி. யோசிக்கவே விடக்கூடாது. 'ஒங்க ஊர் எது?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாரு. அப்புறம் நீயே என்னைத் தேடி வருவ."

கார்முகில் அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

அன்று அம்மா ஜாக்கெட்டின் கை வெட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கார்முகில் போனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் எந்த ஊருலேர்ந்து பாக்குறீங்க? ஒங்க ஊர் பேரைப் போடுங்க!" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! இலுப்பூர், அறந்தாங்கி, திருமயம், கீரனூர், சிங்கம்புணரி, நத்தம் என்று ஊர்களாகக் கொட்டின. ஒருவர் போட்ட ஊரைப் பார்த்து, "நம்ம ஊரா நீங்க?" என்று இன்னொருவர் கேட்டார். இருவரும் எந்தத் தெரு என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கத்தார், கத்தார், கத்தார் என்று மூன்று முறை எழுதிவிட்டு, வரிசையாக இருபது இதயங்களை அனுப்பினார்.

கார்முகிலால் படிக்க முடியவில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது மேலே ஓடிப் போய்விட்டது. ஆனால் அம்மாவின் முகம்! இத்தனை நாளில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பார்த்ததே இல்லை.

அன்று அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டா வாங்கி வரத் திருமுருகனை அனுப்பினார். கொண்டாட்டம்தான்.

பரோட்டா வருவதற்குள் இன்னொரு முறை கமெண்டுகளைப் பார்க்கலாம் என்று கார்முகில் போனை எடுத்தாள். கடைசியில் புதிதாக ஒன்று இருந்தது. எழுதியவர் பெயர் செல்வராணி.

'அக்கா, கைக்குத் தையலுக்கு எவ்வளவு கூட விடணும்னு மூணு தடவை கேட்டேன். நீங்க சொன்னப்ப எங்க வீட்டுல டவர் போயிருச்சு. யாரும் பதில் சொல்லல. சரியான அளவுக்கே வெட்டிட்டேன். கை குட்டையாப் போச்சு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருந்த துணி. வேற துணி கிடையாது.'

கார்முகில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலால் திரையைத் தள்ளித் தள்ளி மேலே போய்ப் பார்த்தாள். இருந்தது. இலுப்பூருக்கும் திருமயத்துக்கும் நடுவில் ஒரு முறை. 'நம்ம ஊரா நீங்க?' என்பதற்குக் கீழே ஒரு முறை. அப்பாவின் இருபது இதயங்களுக்கு நடுவில் இன்னொரு முறை. மூன்று முறையும் அந்த அக்கா கேட்டிருக்கிறார். மூன்று முறையும் அது ஓடிப்போய்விட்டது. ஓட வைத்தது அவள்தான்.

அந்தக் கமெண்டை அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் போய்விடும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. பரோட்டாவும் ருசியாக இருக்கும்.

கார்முகிலின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அப்புறம் அவள் எழுந்து போய், போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, நான்தான் ஊர் பேரைக் கேட்டேன். அதுலதான் இந்த அக்கா கேட்டது எனக்குத் தெரியாமப் போச்சு."

அம்மா படித்தார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் குறைந்தது. ஆனால் கோபப்படவில்லை.

"கையைத்தானே குட்டையா வெட்டிருக்கா? பாத்துக்கலாம். கடை நம்பரைப் போட்டு, முடிஞ்சா நேர்ல வரச் சொல்லு. மன்னிப்பையும் நீயே எழுது."

கார்முகில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு, தோளில் துணிப்பையோடு ஓர் இளம்பெண் கடை வாசலில் வந்து நின்றார். நார்த்தாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"வனிதா அக்கா கடை இதுதானுங்களே? போன்ல பாத்த அதே மேசை!" என்றார்.

"நீங்கதான் செல்வராணியா? இங்கிட்டு வாங்க, காத்தாட உக்காருங்க" என்றார் அம்மா.

செல்வராணி பையிலிருந்து துணியை எடுத்தார். நல்ல மாம்பழ நிறத்தில் பட்டு. அம்மா இரண்டு கைத்துண்டுகளையும் மேசையில் விரித்து அளந்தார். ஓர் இன்ச் குறைந்திருந்தது.

"சேலைக்கு என்ன கரை?"

"கரும்பச்சை, அக்கா."

அம்மா அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். நீலம் வந்தது, சிவப்பு வந்தது, கார்முகிலின் பழைய பாவாடைத் துண்டு வந்தது. கடைசியில் ஒரு கரும்பச்சைப் பட்டுத் துண்டு வந்தது. அதைக் கையின் நுனியில் வைத்துக் காட்டினார்.

"ரெண்டு இன்ச்சுக்குப் பட்டை வச்சுத் தச்சிடலாம். தெரியாம வெட்டுனதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வேணும்னே வச்சதுன்னு நினைப்பாங்க. நானே தச்சுத் தரட்டுமா?"

"இல்லக்கா, நான்தான் தைப்பேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

மெஷின் ஓட ஆரம்பித்தது. கார்முகில் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க வாராவாரம் பாப்பீங்களா?"

"ஒரு வாரம்கூட விட்டதில்லையே! போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் கழுத்து வெட்டக் கத்துக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறீங்க?"

செல்வராணி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எப்படி எழுதுறது? போனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சிருப்பேன். ஒரு கையில துணி, ஒரு கையில கத்திரி. அக்கா வெட்ட வெட்ட நானும் வெட்டுவேன். எழுத எனக்கு மூணாவது கை வேணும்."

கார்முகில் அப்படியே நின்றுவிட்டாள். அப்படியென்றால் அவர்கள் தூங்கவில்லை! கபடி பார்ப்பவர்களுக்கு இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. தையல் பார்ப்பவர்களுக்குக் கை சும்மா இல்லை.

"ஆனா அம்மா கேள்வி கேட்டா மட்டுமாவது சொல்லலாம்ல?"

"சொல்லுவேனே! கத்திரியைக் கீழ வச்சுட்டு, போன வாரம்கூட ஒருதரம் எழுதினேன். பழைய ஜாக்கெட் பக்கத்துல இருக்கான்னு அக்கா கேட்டாங்களே, அதுக்கு 'ஆமா அக்கா'ன்னு போட்டேன்."

"அது நீங்களா!" அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நான் கோணலா வெட்டுனதுக்கில்ல ஆமான்னு சொல்றாங்கன்னு நினைச்சேன்!"

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா!" என்று செல்வராணி பதறினார்.

கார்முகிலுக்கு மட்டும் ஒன்று இடித்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஏன் அவ்வளவு நேரம்? எழுதியது இரண்டே வார்த்தை.

"அக்கா, ஒங்க போனைக் குடுங்களேன், ஒரு நிமிஷம்."

அவள் அம்மாவின் போனில் நேரலையைத் தொடங்கினாள். செல்வராணியின் போனில் அதையே திறந்து அவர் கையில் கொடுத்தாள். போனின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"தெரியுதா அக்கா?"

"எங்க ஆட்டுற? நீ இன்னும் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டுல்ல இருக்க!"

கார்முகில் ஓடி வந்து பார்த்தாள். உண்மைதான். போனுக்குள் இருந்த கார்முகில் நிதானமாக மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

இந்த முறை சரியாக அளந்துவிட வேண்டும். அவள் மறுபடியும் போய், ஓங்கி ஒரு கைதட்டு தட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அம்மாவும் எண்ணினார். மெஷினை விட்டு எழுந்து வந்து செல்வராணியும் எண்ணினார். பதினெட்டு என்றபோது, செல்வராணியின் போனில் 'டப்' என்று கைதட்டு கேட்டது.

"அம்மா, நீ கேக்குற கேள்வி அவங்களுக்குப் போய்ச் சேரவே பதினெட்டு நொடி ஆகுது! நீ அஞ்சு நொடிதான் நிக்கிற. அவங்க கத்திரியை வச்சு, போனை எடுத்து, எழுதறதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிடுற."

அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ இத்தனை நாளும் நான்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்கேன்."

மாலைக்குள் செல்வராணி ஜாக்கெட்டைத் தைத்து முடித்துவிட்டார். மாம்பழ நிறக் கையின் முடிவில் கரும்பச்சைப் பட்டை எடுப்பாக இருந்தது. அந்த வழியாகப் போன ஒரு பெண், "எனக்கும் இதே மாதிரி வச்சுத் தருவீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். செல்வராணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கார்முகில் யோசித்தாள். ஒரு திட்டமும் போட்டாள். திட்டத்துக்குத் திருமுருகனின் உதவி ஒன்று தேவைப்பட்டது.

"அண்ணே, ஒருத்தரே இருபது இதயம் அனுப்பினா மத்தவங்க எழுதினது காணாமப் போயிடுது. அதைக் குறைக்க வழி இருக்கா?"

"இருக்கே. ஸ்லோ மோட்னு ஒண்ணு இருக்கு. ஒரு கமெண்ட் போட்டா அடுத்ததுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கணும்." திருமுருகன் புருவத்தை உயர்த்தினான். "போன வாரம் வேகமா ஓட வைக்கணும்னு வந்த. இந்த வாரம் மெதுவாக்கணும்ங்கிற. ஒனக்கு என்னதான் வேணும்?"

"எனக்குப் படிக்க முடியணும், அண்ணே" என்றாள் கார்முகில்.

சனிக்கிழமை வந்தது. அம்மா சொன்ன கடைசிச் சனிக்கிழமை.

மூன்று மணிக்கு நேரலை தொடங்கியது. கார்முகிலின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. தையல் பற்றிக் கேள்வி வந்தால் உடனே குறித்துக்கொள்வதற்கு.

அம்மா முதல் அளவைச் சொல்லி, கோடு போட்டு, வெட்டிக் காட்டினார். பிறகு கார்முகில் எழுதிக் கொடுத்தபடியே பேசினார்.

"இப்ப நான் நிறுத்திக்கிறேங்க. நீங்களும் வெட்டுங்க. முடிச்சதும் கத்திரியைக் கீழ வச்சுட்டு 'மு'ன்னு ஒரே ஒரு எழுத்து போடுங்க. சந்தேகம் இருந்தா அதைப் போடுங்க. அவசரமே இல்ல, நான் இங்கேயேதான் இருப்பேன்."

அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நொடி. இருபது நொடி. திரை அசையவில்லை. அம்மா கார்முகிலைப் பார்த்தார். "இரு" என்று அவள் கையால் சைகை காட்டினாள். ஒரு நிமிடம் ஆயிற்று. சந்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. திட்டம் தவறாகிவிட்டால் அம்மா போனைத் தாங்கியிலிருந்து எடுத்துவிடுவார். அவ்வளவுதான்.

'மு.'

இலுப்பூரிலிருந்து ஒருவர். கார்முகில் படிப்பதற்குள் இன்னொரு 'மு' வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. ஓடாமலும் நிற்காமலும், பள்ளிக்கூட வரிசை மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் அப்பா எழுதியிருந்தார்: 'என் போன் கெட்டுப்போச்சா? இதயம் போக மாட்டேங்குதே?'

கார்முகில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணினாள். மொத்தம் முப்பத்தாறு 'மு'க்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கேள்வி.

"அம்மா, கீரனூர்லேர்ந்து ஒருத்தர் கேக்குறாங்க. துணி வழுக்குது, கோடு நகருது, என்ன பண்றது?"

"அருமையான கேள்வி!" அம்மா எழுந்தேவிட்டார். "நாலு மூலையிலயும் குண்டூசி குத்திக்கங்க. இப்படி." குத்திக் காட்டினார். முடிந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கீரனூரிலிருந்து பதில் வந்தது. 'இப்ப நகரல அக்கா. நன்றி.'

அம்மா அதைத் தானே போனருகில் வந்து படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"வனிதா டீச்சர்னு இல்ல கூப்பிடணும் ஒன்னை!" என்று கார்முகில் காதோரம் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு, லைவ் ஓடுது" என்றார் அம்மா. ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

"அடுத்தது முன்பக்கம்" என்று அம்மா போனைப் பார்த்தார். "கொஞ்சம் கஷ்டமான இடம். எல்லாரும் என்கூடவே வெட்டுங்க. அடுத்த சனிக்கிழமை கொக்கிக்குப் பட்டி வைக்கிறதைப் பாத்துடலாம்."

அடுத்த சனிக்கிழமை! கார்முகில் முக்காலியில் ஒரு குதி குதித்தாள். முக்காலி 'கிரீச்' என்றது.

கடை அமைதியானது. திரையில் ஒரு வரிகூட வரவில்லை. அம்மா கவலைப்படவில்லை. "எல்லாரும் வெட்டுறாங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு கத்திரியை எடுத்தார்.

அப்போது ஒரே ஒரு கமெண்ட் வந்தது. கார்முகில் குரலைத் தாழ்த்திப் படித்தாள். "அப்பா எழுதியிருக்காரும்மா. 'நானும் வெங்காயம் வெட்டி முடிச்சிட்டேன். மு.'"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் வெட்டு கோணிவிடும் என்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, ஆசை தீரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை இன்னொரு முறை பார்த்து, நிதானமாக வெட்டினார்.